கைவிரித்த நீதிமன்றம்: வட கரோலினா, 1992–2025

கடந்த இயலில் கண்ட, டென்னசி மாநிலத்தில் எழுந்த பேக்கர் வழக்கும், அதைத் தொடர்ந்து 1964இல் வந்த ரெனால்ட்ஸ் வழக்கும் அமெரிக்கத் தொகுதிகளின் மக்கள்தொகையைச் சமப்படுத்தின என்றாலும், எல்லைக்கோடு எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், எந்த ஊரை உள்ளே இழுத்து எந்த ஊரை வெளியே தள்ள வேண்டும் என்பதைப் பற்றி அவை ஏதும் சொல்லவில்லை. 1901க்குப் பிறகு அறுபது ஆண்டுகள் தொகுதிகளைத் தொடாமலே வைத்திருந்த டென்னசியில் நடந்தது, நாட்டுப்புறத்து வாக்குக்கு நகரத்து வாக்கைவிடப் பல மடங்கு எடை தந்த அநீதி. தலைகளை எண்ணினாலே அது தெரிந்துவிடும், எண்ணிக்கையைச் சமன்செய்தாலே தீர்ந்தும் விடும். ஆனால் அந்தத் தீர்வின் விளைவாக, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்த கையோடு பத்தாண்டுக்கு ஒருமுறை எல்லாக் கோடுகளையும் புதிதாக வரைந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பிறந்தது. அந்த வேளையில் சட்டமன்றப் பெரும்பான்மையை வைத்திருக்கும் கட்சிக்கு, நீதிமன்றமே பேனாவை எடுத்துக் கொடுத்ததுபோல் ஆயிற்று.

இந்தியாவில் தொகுதிகளை வரையும் மறுவரையறை ஆணையத்துக்கு உச்ச நீதிமன்றத்தில் பணியிலுள்ள அல்லது ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் தலைமை தாங்குவதால், அமெரிக்க ஏற்பாட்டின் முதன்மையான வேறுபாட்டை இங்கே சொல்லிவிடுவது நல்லது. அந்நாட்டின் பெரும்பாலான மாநிலங்களில், காங்கிரஸின் பிரதிநிதிகள் அவைக்கான தொகுதிகளையும் மாநிலச் சட்டமன்றத்துக்கான தொகுதிகளையும், மற்ற எந்தச் சட்டத்தையும் இயற்றுவதுபோலவே, மாநிலச் சட்டமன்றம் வரைகிறது; தாம் போட்டியிடப்போகும் தொகுதியின் எல்லையை உறுப்பினரே வாக்களித்து முடிவுசெய்கிறார். மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு மாநில ஆட்சிக்குத் தலைமை தாங்கும் ஆளுநர், பல மாநிலங்களில் அந்தச் சட்டத்தைத் தம் வீட்டோவால் தடுக்கலாம். வட கரோலினாவில் அதற்கும் இடமில்லை. அங்கே ஆளுநருக்கு வீட்டோ அதிகாரம் கிடைத்ததே 1996இல்தான். கிடைத்தபோதே, தொகுதி வரைவுச் சட்டங்களுக்கு அது செல்லாது என்ற விலக்கும் மாநில அரசியலமைப்பில் எழுதிவைக்கப்பட்டது. ஆகவே அம்மாநிலத்தில் சட்டமன்றப் பெரும்பான்மைக்கு எதிரே நிற்கக்கூடியது நீதிமன்றம் ஒன்றுதான், வேறெதுவும் இல்லை.

கட்சி ஆதாயத்துக்காகத் தொகுதி எல்லையை வளைப்பதற்கு ஜெர்ரிமேண்டரிங் என்று பெயர். மாசசூசெட்ஸ் ஆளுநர் எல்பிரிட்ஜ் ஜெர்ரி 1812இல் கையெழுத்திட்ட வரைபடத்தின் கதை இத்தொடரில் முன்பே சொல்லப்பட்டது. அதன் நுட்பம் இரண்டே செயல்களில் அடங்கும். எதிர்க்கட்சியின் வாக்காளர்களை ஒருசில தொகுதிகளுக்குள் நெருக்கி அடைத்து, அங்கே அக்கட்சி எழுபது விழுக்காடு வாங்கி வென்றுகொள்ளட்டும் என்று விட்டுவிடுவது ஒன்று. அதைக் குவித்தல் எனலாம். எஞ்சியவர்களைப் பல தொகுதிகளுக்குப் பங்கிட்டு, எங்கும் பெரும்பான்மை எட்டாதபடி பார்த்துக்கொள்வது மற்றொன்று, அது சிதறடித்தல். முன்னதில் வெற்றிக்குத் தேவையானதற்கு மேற்பட்ட வாக்குகள் வீணாகின்றன, பின்னதில் தோற்ற வாக்குகள் அனைத்துமே வீணாகின்றன. கள்ள ஓட்டு ஒன்றுகூட விழாமல், எண்ணிக்கையில் ஒரு பிழையும் நேராமல் நடப்பதால், வழக்கமான தேர்தல் முறைகேட்டுச் சட்டங்கள் எதற்கும் இது அகப்படுவதில்லை.

வட கரோலினாவின் வழக்குகள் கட்சியைப் பற்றியனவாகத் தொடங்கவில்லை. இனத்தைப் பற்றியனவாகத் தொடங்கின. 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டப்படி, அம்மாநிலத்தின் 100 கவுண்டிகளில், அதாவது நம் மாவட்டத்துக்கு ஒப்பான நிர்வாகப் பிரிவுகளில், 40 கவுண்டிகளைத் தொடும் எந்தத் தேர்தல் மாற்றத்துக்கும் வாஷிங்டனிலுள்ள நீதி அமைச்சகத்தின் முன்னனுமதி தேவைப்பட்டது. 1990 கணக்கெடுப்புக்குப் பின் வரையப்பட்ட வரைபடத்தில் கறுப்பினப் பெரும்பான்மைத் தொகுதி ஒன்றே ஒன்று இருப்பதை அமைச்சகம் ஏற்க மறுத்ததால், ஜனநாயகக் கட்சியின் கையிலிருந்த சட்டமன்றம் இரண்டாவதாக ஒன்றை உருவாக்கியது. அதுதான் பின்னாளில் பெயர்பெற்ற பன்னிரண்டாம் தொகுதி. 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டிச் சுமார் 160 மைல் நீண்டு, சில இடங்களில் நெடுஞ்சாலையின் அகலத்தையே தன் அகலமாகக் கொண்டு, நகரங்களிலுள்ள கறுப்பினக் குடியிருப்புகளை மட்டும் எட்டி எட்டிப் பிடித்தபடி அது சென்றது. இந்த விநோத உருவத்தின் பயனையும் மறைக்கக் கூடாது: 1901இல் ஜார்ஜ் ஹென்றி ஒயிட் காங்கிரஸை விட்டு வெளியேறிய பிறகு, தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரு கறுப்பின உறுப்பினரைக்கூட அனுப்பியிராத வட கரோலினா, 1992இல் முதல் தொகுதியிலிருந்து ஈவா கிளேட்டனையும் பன்னிரண்டாம் தொகுதியிலிருந்து மெல் வாட்டையும் தேர்ந்தெடுத்தது.

டர்ஹம் நகரின் வெள்ளையின வாக்காளர் ஐவர் தொடுத்த வழக்கில், 1993இல், ஷா எதிர் ரீனோ தீர்ப்பில், கூட்டரசின் உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்ற பெரும்பான்மையில், இனத்தைத் தவிர வேறெதைக் கொண்டும் விளக்க முடியாத அளவுக்கு ஒரு தொகுதியின் உருவம் விபரீதமாக இருந்தால், சட்டத்தின் சமப் பாதுகாப்பை உறுதிசெய்யும் 14ஆம் திருத்தத்தின்கீழ் அதை எதிர்க்கலாம் என்றது. வரைபடம் திருத்தப்பட்டது, மீண்டும் வழக்கு வந்தது, மீண்டும் திருத்தப்பட்டது. அந்தப் படிகளை ஒவ்வொன்றாக இங்கே விரிக்கத் தேவையில்லை; 2001இல் வந்த கடைசித் தீர்ப்பு மட்டும் முக்கியமானது. ஈஸ்லி எதிர் குரோமார்ட்டி என்ற அவ்வழக்கில் மாநில அரசு முன்வைத்த வாதம், நாங்கள் கறுப்பினத்தவரைத் தேடிச் சேர்க்கவில்லை, ஜனநாயகக் கட்சிக்குத் தவறாமல் வாக்களிப்போரைத்தான் தேடிச் சேர்த்தோம் என்பது. உச்ச நீதிமன்றம் இம்முறையும் ஐவருக்கு நால்வராகப் பிரிந்து அதை ஏற்றது. கறுப்பின வாக்காளர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே கட்சிக்கு வாக்களிக்கும் மாநிலத்தில், இனத்தின் பெயரால் செய்தால் குற்றமாகும் ஒரு காரியம் கட்சியின் பெயரால் செய்தால் தற்காப்பாகிவிடும் என்ற பாடத்தை, அந்தத் தீர்ப்பால் அப்போது பயனடைந்த ஜனநாயகக் கட்சியைவிட அதன் எதிரிகளே நன்றாகக் கற்றுக்கொண்டார்கள்.

2010 தேர்தலில் குடியரசுக் கட்சி, நூறாண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பின், மாநிலச் சட்டமன்றத்தின் இரண்டு அவைகளையும் ஒருசேரக் கைப்பற்றியது. கணக்கெடுப்பு ஆண்டில் கிடைத்த வெற்றியாதலால் அதன் மதிப்பு பத்தாண்டுகளுக்கு நீளும் என்பதை அறிந்தே அக்கட்சியின் தேசிய அமைப்பு அத்தேர்தலில் பணத்தை இறக்கியிருந்தது. வரைபடம் வரையும் பொறுப்பு, அத்துறையில் கட்சியின் தலைசிறந்த வல்லுநராகக் கருதப்பட்ட தாமஸ் ஹாஃபெல்லரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் 2011இல் வரைந்த கோடுகளின்படி 2012இல் நடந்த தேர்தலில், மாநிலம் முழுவதும் பதிவான வாக்குகளில் பாதிக்குச் சற்று அதிகமாகப் பெற்ற ஜனநாயகக் கட்சிக்கு 13 இடங்களில் 4 மட்டுமே கிடைத்தன.

2016 பிப்ரவரியில், மூன்று நீதிபதிகளைக் கொண்ட கூட்டரசு அமர்வு, அந்த வரைபடத்தின் முதல் தொகுதியும் பன்னிரண்டாம் தொகுதியும் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று சொல்லி அவற்றை ரத்து செய்து, இரண்டு வாரத்துக்குள் புதிய வரைபடம் வேண்டும் என்றது. அப்போது தலைநகர் ராலேயில் கூடிய தொகுதி வரைவுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, இந்த வரலாற்றில் வேறெங்கும் காணக்கிடைக்காத ஓர் ஆவணம். இன விவரங்களைக் கணக்கில் எடுப்பதில்லை என்று ஒரு விதியை எழுதிக்கொண்ட குழு, அதனுடன் கட்சி ஆதாயம் என்ற தலைப்பிலேயே இன்னொரு விதியையும் எழுதி, அப்போது நிலவிய பத்துக்கு மூன்று என்ற நிலையைக் காப்பது நோக்கம் என்று பதிவுசெய்தது. குழுவின் இணைத் தலைவர்களில் ஒருவரான டேவிட் லூயிஸ், பதினொன்றுக்கு இரண்டு என்று வரைய வழியில்லை என்று தாம் நம்புவதால்தான் பத்துக்கு மூன்று என்று முன்மொழிவதாக அவையறிய விளக்கினார். குடியரசுக் கட்சியினரைத் தேர்ந்தெடுப்பது நாட்டுக்கு நல்லது என்று தாம் கருதுவதாகவும் சேர்த்துக்கொண்டார். வாய்தவறி வந்த பேச்சாக இதைக் கொள்வது பொருந்தாது. இனமா கட்சியா என்று நீதிமன்றம் மறுபடியும் கேட்டால் கட்சிதான் என்று காட்டுவதற்குப் பதிவேட்டில் சான்று வேண்டும் என்பதை, குரோமார்ட்டி தீர்ப்பைப் படித்த எந்த வழக்கறிஞரும் அறிவார்.

ஹாஃபெல்லர் வரைந்த புதிய கோடுகள் எவ்வளவு நுணுக்கமானவை என்பதற்கு கிரீன்ஸ்பரோ நகரிலுள்ள வட கரோலினா ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகம் சான்று. கறுப்பின மாணவர்களுக்காக நிறுவப்பட்டு, அவ்வகையில் நாட்டின் மிகப்பெரிய பொதுப் பல்கலைக்கழகமாக வளர்ந்த நிறுவனம் அது; 1960இல் வூல்வொர்த் கடையின் உணவு மேடையில் வெள்ளையருக்கென ஒதுக்கிய இருக்கைகளில் அமர்ந்து, இன ஒதுக்கலுக்கு எதிரான உள்ளிருப்புப் போராட்ட அலையைத் தொடங்கிவைத்த நான்கு மாணவர்களும் அங்கே படித்தவர்கள். 2016 வரைபடத்தில் ஆறாம் தொகுதிக்கும் பதின்மூன்றாம் தொகுதிக்கும் இடையிலான எல்லை அந்த வளாகத்தின் ஊடாகவே ஓடியது. விடுதிகள் சில கோட்டுக்கு இப்புறமும் சில அப்புறமுமாக நின்றதால், அடுத்த ஆண்டு அறை மாறும் மாணவர் தம் காங்கிரஸ் உறுப்பினரையும் சேர்த்து மாற்றிக்கொள்ள நேர்ந்தது. ஒன்றாக இருந்தால் ஒரு தொகுதியின் போக்கையே திருப்பக்கூடிய ஓர் இளைஞர் கூட்டம், வெள்ளையினப் புறநகர்களும் நாட்டுப்புறங்களும் நிறைந்த இரண்டு தொகுதிகளில் கரைந்துபோயிற்று. மேற்கே மலைப்பகுதியில் ஆஷ்வில் நகரம் இவ்வாறே பத்தாம் தொகுதிக்கும் பதினொன்றாம் தொகுதிக்கும் பங்கிடப்பட்டது. அந்த ஆண்டுத் தேர்தலில் 53 விழுக்காடு வாக்குப் பெற்ற குடியரசுக் கட்சி, திட்டமிட்டபடியே 10 இடங்களை வென்றது.

இனி, இந்த 2016 வரைபடத்தைக் கட்சி நோக்கில் வரைந்தது என்று எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கு வாஷிங்டனுக்குப் போகிறது. அங்கே அதற்கு முன்பே ஒரு நீண்ட தயக்கம் நிலவியது. 1986இல் இண்டியானா மாநிலத்து வழக்கு ஒன்றில், கட்சி நோக்கில் வரைந்த தொகுதிகளை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் அதற்கு அது கேட்ட நிரூபணம் அவ்வளவு கடினமானதாக இருந்ததால், அடுத்த பதினெட்டு ஆண்டுகளில் அந்தத் தீர்ப்பால் எந்தக் காங்கிரஸ் வரைபடமும் விழவில்லை. 2004இல் பென்சில்வேனியா வழக்கில், நீதிபதி ஸ்கலியாவும் மூவரும் அந்தக் கதவை அடைத்துவிட வேண்டும் என்றார்கள். மற்ற நால்வர் திறந்திருக்கட்டும் என்றார்கள். ஆனால் எவ்வாறு அளப்பது என்பதில் அவர்களுக்குள்ளேயே ஒருமை இல்லை. நடுவில் நின்ற ஆன்டனி கென்னடி, ஏற்கத்தக்க அளவுகோல் இன்றைக்கு இல்லை, நாளைக்குக் கிடைக்கக்கூடும் என்றார். கோடுகளை வரைய உதவும் கணினியே அவற்றை அளக்கவும் உதவக்கூடும் என்ற குறிப்பையும் விட்டுச்சென்றார். அந்த ஒரு நீதிபதியின் ஒரு குறிப்பை நம்பி, அரசியல் அறிவியலாரும் கணிதவியலாரும் அடுத்த பதினான்கு ஆண்டுகள் உழைத்தார்கள்.

அவர்கள் கண்டடைந்த முறை, அடிப்படையில் எளிமையானது. கட்சி விவரம் எதையும் கொடுக்காமல், மக்கள்தொகை சமமாக இருக்க வேண்டும், தொகுதி துண்டுபடாமல் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், கூடியவரை கவுண்டிகளைப் பிளக்கக் கூடாது, நெருக்கமான வடிவம் வேண்டும் என்ற மாநிலத்தின் சொந்த விதிகளை மட்டும் கணினிக்குக் கொடுத்து, ஆயிரக்கணக்கான வரைபடங்களை வரையச் செய்ய வேண்டும். பிறகு, உண்மையில் பதிவான வாக்குகளை ஒவ்வொரு வரைபடத்தின் மீதும் பொருத்தி, ஒவ்வொன்றிலும் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் கிடைக்கும் என்று பார்க்க வேண்டும். ஒரு கட்சியின் வாக்காளர்கள் நகரங்களில் நெருங்கி வாழ்வதால் இயற்கையாகவே அவர்களுக்கு ஏற்படும் பாதிப்பு எவ்வளவு, கோடு போட்டவர் வேண்டுமென்றே ஏற்படுத்திய பாதிப்பு எவ்வளவு என்பதை இந்த ஒப்பீடு பிரித்துக் காட்டிவிடும். வட கரோலினா வழக்கில் ஜோவி சென் என்ற அறிஞர் இவ்வாறு 3,000 வரைபடங்களை உருவாக்கினார். அவற்றுள் ஒன்றுவிடாமல் எல்லாமே, ஜனநாயகக் கட்சிக்கு நடைமுறை வரைபடம் தந்ததைவிட ஓர் இடமாவது கூடுதலாகத் தந்தன. டியூக் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜொனாதன் மேட்டிங்லி உருவாக்கிய 24,518 வரைபடங்களில் 99 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை அதே முடிவைக் காட்டின. கூட்டரசின் கீழமர்வு 2018 ஜனவரியிலும், மறு ஆய்வுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட பின் ஆகஸ்டிலும், இருமுறை இந்தச் சான்றை ஏற்று வரைபடத்தைச் செல்லாது என்றது.

ஆனால் அந்த ஜூலையிலேயே கென்னடி ஓய்வுபெற்றுவிட்டார். அளவுகோல் வந்து சேர்ந்த வேளையில், அதைக் கேட்டவர் இருக்கையில் இல்லை.

2019 ஜூன் 27 அன்று, ரூச்சோ எதிர் காமன் காஸ் வழக்கில், தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் ஐவர் சார்பில் தீர்ப்பெழுதினார். வட கரோலினாவின் வரைபடத்தை அவர் நியாயப்படுத்தவில்லை. கட்சி நோக்கிலான தொகுதி வரைவு மக்களாட்சிக் கொள்கையோடு பொருந்தாது என்பதையும் மறுக்கவில்லை. அவருடைய நிலை வேறு: இது அரசியல் வினா, அதாவது அரசியலமைப்பு நீதிமன்றத்திடம் அன்றி அரசின் பிற உறுப்புகளிடம் விட்டுவைத்த வினா, ஆகவே கூட்டரசு நீதிமன்றங்கள் இதைத் தொடலாகாது. வாக்கு விகிதத்துக்கேற்ற இடம் வேண்டும் என்று அரசியலமைப்பு எங்கும் சொல்லவில்லை; அப்படியிருக்க, நியாயமான பங்கு எது என்பதை நீதிபதிகள் எந்த அடிப்படையில் முடிவுசெய்வார்கள், அந்தப் பங்கிலிருந்து எவ்வளவு விலகினால் குற்றம் என்பார்கள் என்று அவர் கேட்டார். இக்கேள்வி எளிதாகத் தள்ளிவிடத்தக்கதன்று. ஆயிரம் வரைபடங்களில் எந்த ஓரத்தில் நின்றால் சட்டவிரோதம் என்பதற்குக் கணிதத்தில் விடை கிடையாது. எங்கோ ஓரிடத்தில் யாரோ ஒருவர் கோடு கிழித்தாக வேண்டும்.

நால்வர் சார்பில் எலினா கேகன் எழுதிய மாறுபட்ட தீர்ப்பு இதற்கு நேராக விடை சொன்னது. நியாயம் எது என்று நீதிபதி கற்பனை செய்யத் தேவையில்லை. மாநிலம் தானே வகுத்த விதிகளே அடிக்கோடு, அந்த விதிகளின்படி உருவாகும் வரைபடங்களுள் பெரும்பாலானவை எங்கே குவிகின்றன என்பதைக் கண்டு, நடைமுறை வரைபடம் அங்கிருந்து எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்று பார்த்தால் போதும். மூவாயிரத்தில் ஒன்றுகூட ஒத்துவராத நிலையில், எல்லை எங்கே என்று துல்லியமாகச் சொல்ல முடியாவிட்டாலும், இது எல்லைக்கு வெளியே என்று சொல்லிவிட முடியும். எந்த அளவு வேகம் அபாயம், எவ்வளவு அலட்சியம் குற்றம் என்று துல்லியமான எண் இல்லாமலே நீதிமன்றங்கள் நாள்தோறும் முடிவுசெய்கின்றன என்பதை நினைத்தால், 1986இல் வலுவாக இருந்த அளவுகோல் இல்லை என்ற வாதம் 2019இல் பெரிதும் தேய்ந்துபோயிருந்தது என்றே சொல்ல வேண்டும்.

வட கரோலினாவோடு சேர்த்து அன்று தீர்க்கப்பட்ட மேரிலாந்து வழக்கில் கட்சிகள் இடம் மாறியிருந்தன. அங்கே ஜனநாயகக் கட்சி 2011இல் ஆறாம் தொகுதியைத் திருத்தியது. மக்கள்தொகையைச் சமன்செய்யச் சுமார் 10,000 பேரை வெளியேற்றினால் போதும் என்றிருக்க, சுமார் 3,60,000 பேரை வெளியேற்றி 3,50,000 பேரை உள்ளே கொண்டுவந்து, இருபது ஆண்டுகள் அத்தொகுதியை வைத்திருந்த குடியரசுக் கட்சி உறுப்பினரை 2012இல் தோற்கடித்தது. இரு கட்சிகளின் செயலையும் ஒரே தீர்ப்பால் விட்டுவிட்டதில் ஒருவகை நடுநிலை இருந்தது.

கூட்டரசு நீதிமன்றம் கைவிரித்தாலும் மாநில அரசியலமைப்புகளும் மாநில நீதிமன்றங்களும் இருக்கின்றன என்று ராபர்ட்ஸ் அதே தீர்ப்பில் சுட்டியிருந்தார். அது வெறும் ஆறுதல் மொழியன்று. அதற்கு முந்தைய ஆண்டே பென்சில்வேனியாவின் உச்ச நீதிமன்றம், மாநில அரசியலமைப்பை மட்டும் ஆதாரமாகக் கொண்டு வரைபடத்தைத் திருத்தியதால், பதின்மூன்றுக்கு ஐந்து என்றிருந்த இடப் பங்கீடு ஒன்பதுக்கு ஒன்பது என்று ஆகியிருந்தது. வட கரோலினாவின் உரிமைப் பிரகடனத்திலும், 1689ஆம் ஆண்டின் ஆங்கில உரிமைச் சட்டத்திலிருந்து வழிவந்த, தேர்தல்கள் யாவும் சுதந்திரமாக நடைபெற வேண்டும் என்ற பிரிவு இருந்தது. 1971இல் அரசியலமைப்பைத் திருத்தியபோது, அறிவுரை போல ஒலித்த அதன் வாசகத்தைக் கட்டளையாகவே மாற்றியிருந்தார்கள். 2019 செப்டம்பரில் மாநிலக் கீழமர்வு ஒன்று இப்பிரிவின்படி மாநிலச் சட்டமன்றத் தொகுதிகளையும், அக்டோபரில் காங்கிரஸ் தொகுதிகளையும் நிறுத்திவைத்தது. 2018இல் காலமான ஹாஃபெல்லரின் கணினிக் கோப்புகளை, அவருடைய மகளே வழக்கு தொடுத்த அமைப்பிடம் சேர்ப்பித்திருந்தார். சட்டமன்றத் தொகுதிகளைப் பற்றிய விசாரணையில் அவை சான்றாக வைக்கப்பட்டன.

2020 கணக்கெடுப்பால் மாநிலத்துக்கு 14ஆவது இடம் கிடைக்க, 2021இல் சட்டமன்றம் மீண்டும் வரைந்தது, மீண்டும் வழக்கு வந்தது. 2022 பிப்ரவரி 4 அன்று மாநில உச்ச நீதிமன்றம் நால்வருக்கு மூவராகப் பிரிந்து அதை ரத்து செய்தது. ராபர்ட்ஸ் இல்லை என்ற அளவுகோலை, ஹார்ப்பர் எதிர் ஹால் என்ற இத்தீர்ப்பு எண்ணாகவே எழுதிக்காட்டியது: இரு கட்சிகளின் வீணாகும் வாக்குகளுக்கிடையிலான வேறுபாடு, மொத்த வாக்குகளில் 7 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால், வேறு அளவீடுகளும் ஒத்துவரும்பட்சத்தில், அந்த வரைபடம் செல்லத்தக்கது என்று தொடக்கத்தில் ஊகிக்கலாம். ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரும் அரசுப் பல்கலைக்கழகங்களின் முன்னாள் தலைவர் ஒருவரும் நீதிமன்றத்தின் சார்பில் திருத்தங்களை மேற்பார்வையிட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில், இரு கட்சிகளும் ஏறத்தாழச் சமபலம் கொண்ட அம்மாநிலம் ஏழுக்கு ஏழு என்று உறுப்பினர்களை அனுப்பியது.

அதே நாளில், அதே வாக்குச்சீட்டில், மாநில உச்ச நீதிமன்றத்தின் இரண்டு இருக்கைகளுக்கும் தேர்தல் நடந்தது. வட கரோலினாவில் நீதிபதிகளை மக்களே தேர்ந்தெடுக்கிறார்கள். 2004 முதல் கட்சிப் பெயரில்லாமல் நடந்துவந்த அந்தத் தேர்தலை, 2016 டிசம்பரில் கூட்டப்பட்ட சிறப்புக் கூட்டத்தொடரில் சட்டமன்றம் மீண்டும் கட்சிப் பெயரோடு நடக்கும்படி மாற்றியிருந்தது. 2020இல் பால் நியூபி தலைமை நீதிபதியாக வென்றது வெறும் 401 வாக்கு வேறுபாட்டில். 2022இல் இரண்டு இருக்கைகளையும் குடியரசுக் கட்சி வேட்பாளர்கள் வென்றதும், நான்குக்கு மூன்றாக ஜனநாயகக் கட்சியின் பக்கம் இருந்த நீதிமன்றம் ஐந்துக்கு இரண்டாக மறுபக்கம் சாய்ந்தது. புதிய பெரும்பான்மை பதவியேற்ற சில வாரங்களுக்குள், முடிந்துபோன ஹார்ப்பர் வழக்கை மறுவிசாரணைக்கு எடுக்கும்படி சட்டமன்றத் தலைவர்கள் விண்ணப்பித்தார்கள். 1993 முதல் வந்த 214 மறுவிசாரணை விண்ணப்பங்களில் இரண்டே இரண்டுதான் ஏற்கப்பட்டிருக்கின்றன என்று நீதிபதி அனிடா எர்ல்ஸ் தம் மறுப்புரையில் எண்ணிச் சொன்னார். விண்ணப்பம் ஏற்கப்பட்டது. 2023 ஏப்ரல் 28 அன்று, ஐவர் சார்பில் நியூபி எழுதிய தீர்ப்பு, தேர்தல் சுதந்திரப் பிரிவு இதைப் பற்றியதன்று, அளப்பதற்கு நிலையான கோலும் இல்லை என்று ரூச்சோவின் காரணங்களையே மாநிலச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. முதல் தீர்ப்புக்கும் இரண்டாவதற்கும் இடையே பதினைந்து மாதம்கூட ஆகவில்லை; அரசியலமைப்பில் ஒரு சொல் மாறவில்லை, சான்றுகளில் புதிதாக எதுவும் சேரவில்லை. வரைபடத்தை நிறைவேற்றிய மேலவையின் தலைவர் பில் பெர்கர். அவருடைய மகன் பில் பெர்கர் இளையவர், விலகிக்கொள்ளும்படி விடுக்கப்பட்ட வேண்டுகோளை மறுத்து, அமர்வில் இருந்தார்.

ராபர்ட்ஸ் கவலைப்பட்டது நீதிபதிகள் கட்சி அரசியலில் இறங்கிவிடுவார்கள் என்று. வட கரோலினாவில் நடந்தது அதன் மறுதலை: நீதிமன்றம் அரசியலுக்குள் போவதற்கு முன்பே அரசியல் நீதிமன்றத்துக்குள் வந்துவிட்டிருந்தது, வாசலில் கட்சிப் பெயரை எழுதியும் வைத்திருந்தது. எந்த அளவுகோலால் அளப்பது என்று முப்பது ஆண்டுகள் வாதிட்ட அறிஞர்கள், அளப்பவரை யார் அமர்த்துவது என்ற கேள்விக்கு அதில் பத்தில் ஒரு பங்கு கவனமும் செலுத்தவில்லை.

ரூச்சோ தீர்ப்பு வந்து சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து, 2023 ஜூன் 27 அன்று, இதே மாநிலத்திலிருந்து சென்ற மூர் எதிர் ஹார்ப்பர் வழக்கில், காங்கிரஸ் தேர்தல் விதிகளை வகுப்பதில் மாநிலச் சட்டமன்றம் மாநில நீதிமன்றத்துக்குக் கட்டுப்பட்டதே அன்று என்ற வாதத்தைக் கூட்டரசின் உச்ச நீதிமன்றம் அறுவருக்கு மூவராக நிராகரித்தது. நாடு முழுவதற்கும் இது பெரிய தீர்ப்பு. வட கரோலினாவுக்கு மட்டும் அதனால் பயனில்லை. எந்த நீதிமன்றத்தின் அதிகாரம் வாஷிங்டனில் காப்பாற்றப்பட்டதோ, அந்த நீதிமன்றம் இரண்டு மாதங்களுக்கு முன்பே அந்த அதிகாரத்தைத் தானாகத் துறந்திருந்தது.

அந்த அக்டோபரில் சட்டமன்றம் வரைந்த புதிய வரைபடத்தைப் பார்த்த அளவிலேயே, ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மூவர் மீண்டும் அங்கே போட்டியிடவில்லை. 2024 நவம்பரில், ஆளுநர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனைச் சுமார் 55 விழுக்காடு வாக்குகளால் தேர்ந்தெடுத்த அதே வாக்காளர்கள், பத்துக் குடியரசுக் கட்சியினரையும் நான்கு ஜனநாயகக் கட்சியினரையும் காங்கிரஸுக்கு அனுப்பினார்கள். அத்தேர்தலில் பிரதிநிதிகள் அவை முழுவதற்கும் கிடைத்த முடிவு 220க்கு 215. இந்த மூன்று இடங்களும் 2022இல் இருந்தபடி இருந்திருந்தால் அது 217க்கு 218 ஆகியிருக்கும். ஒரு மாநில நீதிமன்றத்தில் இரண்டு இருக்கைகள் மாறியது, நாட்டின் கீழவைப் பெரும்பான்மையையே தீர்மானிக்கப் போதுமானதாக இருந்தது.

2025இல் டெக்சாஸ், கணக்கெடுப்புக்குக் காத்திராமல் நடுவிலேயே தன் தொகுதிகளைத் திருத்தியதும், கலிபோர்னியா முதலான மாநிலங்கள் பதிலுக்கு இறங்கின. வட கரோலினாவும் அக்டோபரில், கூடுதலாக ஓர் இடம் பெறுவதே நோக்கம் என்று மறைக்காமல் அறிவித்துவிட்டு, முதல் தொகுதிக்கும் மூன்றாம் தொகுதிக்கும் இடையே கவுண்டிகளை மாற்றிப் போட்டது. 2016இல் வரைய முடியாது என்று லூயிஸ் கருதிய பதினொன்று, பதினான்கு இடம் கொண்ட மாநிலத்தில் இப்போது எட்டும் தொலைவில் வந்திருந்தது. ஆளுநர் ஸ்டைன் கண்டித்தார். வீட்டோ செய்ய அவருக்கு அதிகாரம் இல்லை. 1992இல் ஈவா கிளேட்டனைத் தேர்ந்தெடுத்த நாள் முதல் கறுப்பின உறுப்பினர்களை மட்டுமே அனுப்பிவந்த தொகுதி அந்த முதல் தொகுதி. எதிர்த்தவர்கள் வேறு வழியின்றி இனப் பாகுபாடு என்ற பழைய வாதத்தோடு கூட்டரசு நீதிமன்றத்துக்குப் போனார்கள். இன நோக்கம் நிறுவப்படவில்லை என்று மூன்று நீதிபதிகள் அமர்வு நவம்பரில் தடை விதிக்க மறுத்தது. எஞ்சியிருந்த கட்சி நோக்கத்தை விசாரிக்கும் அதிகாரம், 2019 முதல் அந்த அமர்வுக்குக் கிடையாது.